ராஜினாமா செய்வதற்காகப் பேசக் கற்றுக்கொண்டேன்

ஜெபா,

போன ஞாயிறு நீ போனில் அந்த விஷயத்தைச் சொன்னபோது "சரிப்பா, உன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா வேறு பக்கத்தில் நின்றுகொண்டு என்னவாம், என்னவாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்ல வேண்டியது அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. எனக்கு அது புதிதில்லை. எதுவும் ஒரு வாரம் கழித்துத்தான் வரும், அதுவும் துணி மடிக்கும்போது. இப்போது வந்திருக்கிறது, எழுதிவிடுகிறேன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு யோசிக்க வருவது இதில்தான். சண்டே ஸ்கூலில் நீ படித்த எழுத்தெல்லாம் மறந்திருக்காது. மெதுவாகப் படி. புரியாத இடத்தில் வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

சென்னையில் உங்கள் கம்பெனி புதிதாக ஒரு டீம் தொடங்குகிறது, அதை நீ நடத்த வேண்டும் என்கிறார்கள், உனக்கு அது வேண்டாம். இதுதானே நீ சொன்னது? "அம்மா, எனக்கு வேலை குடு, செய்றேன். பத்துப் பேரை வேலை செய்ய வைக்கச் சொல்லாத. நா வல்ல காது" என்று, என்னால் ஆகாது என்பதைச் சொல்லப் பாதியில் தெலுங்குக்குப் போய்விட்டாய். மனசு கலங்கும்போது நீ தெலுங்குக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும். முடியாது என்று ஒரு மெயில் எழுதி வைத்திருப்பதாகவும், வருகிற வாரம் அனுப்பப் போவதாகவும் சொன்னாய். போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லப் போவதில்லை. போன வருஷம் எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். நீ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஹைதராபாத்தின் அந்தக் கோடி கச்சிபௌலியிலிருந்து வருகிறாய், டிராஃபிக்கில் நொந்துபோய் வருகிறாய், சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறாய். அதனால் அம்மா ஏதோ கிளப்புக்குப் போகிறாள், பொழுதுபோகிறது என்பதோடு உனக்கு அந்தக் கதை நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நான் எத்தனை வருஷம் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். அங்கே பேச்சு என்றால் என்ன? கண்ணாடிக்கு நடுவில் ஒரு அரைவட்ட ஓட்டை. அதற்குள் ஒரு கை சீட்டை நீட்டும். நான் மருந்தைத் தள்ளி, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு என்பேன். தமிழ், தெலுங்கு, இந்தி, மூன்றிலும் அந்த மூன்று வாக்கியம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாலாவது வாக்கியம் தேவைப்படவே இல்லை. கேட்பவர் திருப்பிக் கேள்வி கேட்டால், டாக்டரிடம் போங்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் பேசுவேன், சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் பேசுவேன். நாலு பேர் சேர்ந்தாற்போல் என் முகத்தைப் பார்த்தால் வேறு வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவேன். அதே சுபாவம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்பா சில சமயம் என்னிடம் கேட்பார். எங்கிருந்து வரும்?

ரிட்டையரான அடுத்த மாதமே நம் அபார்ட்மெண்ட் சங்கத்துக்குச் செயலாளர் தேர்தல். பழைய செயலாளர் மகளோடு இருக்கப் போகிறேன் என்று விசாகப்பட்டினம் போய்விட்டார். கூட்டத்தில் ஒருவரும் கை தூக்கவில்லையாம். நான் அந்த நேரம் கறிவேப்பிலை வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். மருந்து கொடுத்த கை, பொறுப்பான அம்மா, இப்போது ஓய்வாகவும் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் ஆமோதித்துவிட்டார்கள். நான் கறிவேப்பிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுக்கலாம் என்றால் அதற்கும் நாலு வாக்கியம் பேச வேண்டும். அதற்குப் பதில் தலையை ஆட்டிவிட்டேன்.

பிப்ரவரியிலேயே தண்ணீர்ப் பிரச்சினை வந்துவிட்டது. நீ இருந்த வருஷங்களில் அவ்வளவு மோசமில்லை. போர்வெல் பாதி நாள் சேற்றைத்தான் துப்பியது. தண்ணீர் டேங்கர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வந்தது. மேல்தொட்டியைத் திறந்துவிட்டால் கீழ்த்தளங்கள் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும், நாலாவது, ஐந்தாவது மாடிக்குக் காற்றுதான் வரும். இதைப் பேச மொட்டைமாடியில் கூட்டம் போட்டேன். வாடகை மைக் ஒன்று வைத்தோம், அது முதலில் கத்தியது. பிறகு முதல் மாடி வெங்கட்ரெட்டி காரு கத்தினார். அவரை உனக்கு நன்றாகத் தெரியும், தெலுங்கு மரியாதையில் காரு சேர்த்தே நாம் கூப்பிடுபவர், தன் இரண்டு காரையும் தினம் காலையில் ஹோஸ் பைப்பால் குளிப்பாட்டுபவர். அவர் கத்தியதும் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள், அவர்களைப் பேசவே விடவில்லை. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு "தயவுசெய்து, தயவுசெய்து" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஒரு முடிவும் எடுக்காமல் எல்லோரும் இறங்கிப் போனார்கள். நாற்காலிகளை மடக்கி வைக்க நானும் வாட்ச்மேனும்தான் இருந்தோம்.

அப்பா எப்போதும்போல் நேராகச் சொன்னார். "உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? எழுதிக் குடுத்துட்டு வந்துரு." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் சங்கத் தலைவர் பழைய ஆள், எதையும் முறையாகச் செய்பவர். தேர்ந்தெடுத்தது பொதுக்கூட்டம், அதனால் விலகுவதையும் பொதுக்கூட்டத்தில் எழுந்து காரணத்தோடு சொல்லத்தான் வேண்டும் என்றுவிட்டார். பேச வராததால் விலகுகிறேன் என்பதை நான் பேசித்தான் சொல்ல வேண்டுமாம். நீ சிரிப்பாய். அப்பா அன்றைக்கே சிரித்துவிட்டார்.

அந்த வாரம் ஜெராக்ஸ் கடையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பேச்சுப் பயிற்சிக் கிளப், ஞாயிறு மாலை, ஹப்சிகுடாவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், எந்த வயதினரும் வரலாம் என்று போட்டிருந்தது. இரண்டு மாதம் போய் ராஜினாமா செய்யும் அளவுக்கு மட்டும் பேசக் கற்றுக்கொண்டு நின்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். சத்தியமாக அதற்காகத்தான் போனேன். அப்பாவிடம் சர்ச் பெண்கள் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முட்டியை மடக்கி உட்கார முடியவில்லை. இருபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் மாதாப்பூர் கம்பெனிகளில் வேலை செய்யும் உன் வயதுப் பையன்கள், பெண்கள். கிளப்பை நடத்துவது நஸ்ரீன், ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், நாற்பது வயது இருக்கும். பாதி ஆங்கிலம், பாதி நம் ஊர் உருது. இன்றைக்குச் சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று அவளிடம் முதலிலேயே சொன்னேன். நல்லது, நல்லது என்று சொல்லிவிட்டு, கால் மணி நேரத்தில் ஒரு டப்பாவை என் முன்னால் நீட்டிவிட்டாள். சீட்டு எடுக்க வேண்டும், அதில் இருக்கும் தலைப்பைப் பற்றி அங்கேயே எழுந்து ஒரு நிமிஷம் பேச வேண்டும். எனக்கு வந்தது, நீங்கள் தொலைத்த ஒரு பொருள். நான் எழுந்தேன். "குடை" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள், ஜெபா. கேலியாக இல்லை, முதல்முறை எழுந்தவர்களுக்கு அங்கே அப்படித்தான் தட்டுவார்களாம். ஒரே ஒரு சொல்லுக்கு அவ்வளவு கைதட்டு வாங்கியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் குடையை எந்த பஸ்ஸில் விட்டேன், அன்று எப்படி நனைந்தேன், நனைந்துகொண்டே உனக்கு ரெயின்கோட் வாங்கினேன் என்றெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. தாராளமாக ஐந்து நிமிஷம் பேசியிருக்கலாம். அதனால்தான் அடுத்த ஞாயிறும் போனேன்.

முதல் பேச்சு நம்மைப் பற்றி நாமே சொல்வது. நான் எழுதிக்கொண்டு போனேன். தலையே தூக்காமல் காகிதத்தைப் பார்த்துப் படித்தேன். நஸ்ரீன் எழுந்து வந்து காகிதத்தை மெதுவாக உருவிக்கொண்டாள். "காகஜ் நக்கோ ஆண்ட்டி. ஹமாரே கூ தேக்கே போலோ." காகிதம் வேண்டாம், எங்களைப் பார்த்துப் பேசுங்கள் என்றாள். பார்த்தேன். முன் பெஞ்சில் ஒரு பையன் தொலைந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து, நீ என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. வகுப்பறையே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு, தலைவலி மாத்திரை, தினமும் என்றான். தினமும் சாப்பிடாதே என்று ஆரம்பித்து ஆஸ்பத்திரி, மருந்தகம், கண்ணாடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கடைசியில் யாரோ அட்டையை ஆட்டி நிறுத்தும்படி ஆகிவிட்டது.

அந்த அட்டையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு வாரமும் ஒருவருக்கு நேரம் பார்க்கும் வேலை. பேசுகிறவருக்குப் பாதி நேரம் ஆனதும் பச்சை அட்டை காட்ட வேண்டும், முடிக்கப் போகிற நேரத்தில் மஞ்சள், முடிந்ததும் சிவப்பு. அவ்வளவுதான். பேச்சு சுமார்தான் என்று பெயர் வாங்கியவர்களுக்குக் கொடுக்கும் வேலை என்று நினைத்தேன், எனக்குக் கொடுத்தபோது கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டேன். செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வாய் தானாக மூடிக்கொள்கிறது. பேசுகிறவரை உண்மையிலேயே கேட்கத் தொடங்குகிறோம். யார் எழுந்திருக்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார் என்பதுகூடக் கண்ணில் படுகிறது. பேச்சு கற்றுக்கொள்ளப் போன இடத்தில் எனக்கு முதலில் பிடிபட்டது இதுதான்.

மே மாதம் என் ராஜினாமாப் பேச்சைக் கிளப்பில் ஒத்திகை பார்த்தேன். மொட்டைமாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள், நீங்கள்தான் எங்கள் குடியிருப்புவாசிகள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். காகிதம் இல்லை. ஏழு நிமிஷம் பேசினேன். நல்ல கைதட்டு. அங்கே ஒவ்வொரு பேச்சுக்கும் ஒருவர் எழுந்து, எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று சொல்ல வேண்டும். அன்று நஸ்ரீனின் முறை. குரல் நன்றாக இருந்தது, எல்லோரையும் பார்த்துப் பேசினீர்கள் என்றாள். ஆனால் நீங்கள் விலகுவதைப் பற்றி ஒரு நிமிஷம்தான் பேசினீர்கள், மிச்ச ஆறு நிமிஷமும் தண்ணீரை எப்படித் திறந்துவிட வேண்டும், யாரையெல்லாம் கேட்க வேண்டும் என்றே பேசினீர்கள் என்றாள். அப்புறம் நேராக என்னைக் கேட்டாள். "ஆண்ட்டி, ஆப் ஜானா நை சாத்தே. ஹவ் கி நை?"

நீங்கள் போக விரும்பவில்லை, ஆமாவா இல்லையா என்று கேட்கிறாள். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஹவ்" என்று வந்தது.

அடுத்த ஞாயிறு நம் பொதுக்கூட்டம். அதற்கு முந்தின நாள் வெங்கட்ரெட்டி காரு வீட்டுக்குப் போனேன். அவர் சண்டைக்குத் தயாராகக் கதவைத் திறந்தார். நான் கிளப்பில் கேட்டு வாங்கி வந்த மூன்று அட்டைகளையும் அவர் கையில் கொடுத்து, நாளைக்கு நேரம் பார்க்க ஒரு கண்டிப்பான ஆள் வேண்டும், உங்களைத் தவிர இந்தக் கட்டடத்தில் யாரும் எனக்குத் தோன்றவில்லை என்றேன். ஒருவருக்கு இரண்டு நிமிஷம், சொந்த வீட்டுக்காரரானாலும் வாடகைக்காரரானாலும் ஒரே கணக்கு, நான் பேசினாலும் அதே கணக்கு. அவர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்களுக்கும் சிவப்பு காட்டலாமா என்று கேட்டார். காட்டத்தான் வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு டீ போட்டுக் கொடுக்கச் சொன்னார். தந்திரம் என்று நினைக்காதே. அவர் குரல் பெரிது, மனுஷன் நேர்மையானவர். அவருக்கு இதுவரை யாரும் ஒரு வேலை கொடுத்ததில்லை.

கூட்டம் அன்றும் மொட்டைமாடியில்தான், மைக் இல்லாமல். ஆரம்பத்திலேயே வாடகைக்கு இருப்பவர்களையும் முன்வரிசையில் உட்காரச் சொன்னேன். ஒருவர் எழுந்து, அவர்களுக்கு என்ன உரிமை என்று ஆரம்பித்தார். வெங்கட்ரெட்டி காரு அவருக்கு மஞ்சள் காட்டி, பிறகு சிவப்பும் காட்டி உட்காரவைத்தார். அந்த மனிதர் அவருடைய நெருங்கிய சிநேகிதர். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். குறுக்கே பேச இரண்டு மூன்று பேர் வாய் திறந்தார்கள், அட்டை அவர்கள் பக்கம் திரும்பியதும் மூடிக்கொண்டார்கள். நாலாவது மாடியில் தங்கையோடு குடியிருக்கும் சுனிதா என்ற நர்ஸ், எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று இரண்டு முறை நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டுப் பின்னால் போனாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் எழுந்து தரையைப் பார்த்துக்கொண்டே தெலுங்கில் சொன்னாள். ராத்திரி டூட்டி முடிந்து காலையில் வந்தால் குழாயில் ஒரு சொட்டு இல்லை, குளிக்காமல்தான் படுக்கிறேன், யூனிஃபார்மைப் பக்கெட்டில் ஊறவைத்துவிட்டு அலசத் தண்ணீருக்குக் காத்திருக்கிறேன் என்றாள். பிறகு, தண்ணீர் அதிகமாக வேண்டாம், மேல்மாடிகளுக்கு முதலில் அரை மணி நேரம் திறந்துவிட்டு, அதற்கப்புறம் கீழ் வால்வைத் திறந்தால் எல்லோருக்கும் வரும், படிக்கும்போது எங்கள் ஹாஸ்டலில் அப்படித்தான் செய்வோம் என்றாள். பச்சை அட்டை காட்டுவதற்குள்ளேயே முடித்துவிட்டாள்.

அவ்வளவு நாள் அடித்துக்கொண்டது இந்த வால்வைப் பற்றித்தானா என்பதுபோல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாதம் அப்படிச் செய்து பார்ப்போமா என்று கேட்டேன். கைகளைத் தூக்கினார்கள். முதல் மாடி முழுவதும் வெங்கட்ரெட்டி காருவைப் பார்த்தது. அவர் அட்டைகளை மடியில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நன்றி சொல்ல ஆரம்பித்தேன், சொல்லிக்கொண்டே போனேன். "மேடம், டைம் அயிப்போயிந்தி" என்று சிவப்பு அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அன்றைக்கு அந்த மொட்டைமாடி சிரித்த சிரிப்பு தார்நாகா வரை கேட்டிருக்கும். கடைசி வரிசையில் உன் அப்பாவும் இருந்தார். சர்ச் பெண்கள் கூட்டத்தில் ஞாயிறுதோறும் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் வாட்ச்மேன் வால்வை மாற்றித் திறந்து, இரண்டாவது மாடி என்னோடு சண்டைக்கு வந்தது. டேங்கர் இரண்டு முறை வரவே இல்லை. ஆனால் சண்டை போட வந்தவர்களும் உட்கார்ந்து பேசினார்கள், நானும் டாக்டரிடம் போங்கள் என்று யாரையும் அனுப்பவில்லை. வெங்கட்ரெட்டி காரு இப்போது காரை ஈரத்துணியால் துடைக்கிறார், ஒரு காரை மட்டும் என்று சொல்ல வேண்டும், இன்னொன்றுக்கு உறை போட்டுவிட்டார். இந்த வருஷம் சுனிதாவைத் துணைச் செயலாளராக்கியிருக்கிறோம். வாடகைக்கு இருப்பவர் பொறுப்புக்கு வருவது இந்தக் கட்டடத்தில் முதல்முறை. போன மாதக் கூட்டத்தை அவள்தான் நடத்தினாள், நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன்.

நீ சொன்னாயே, பத்துப் பேரை வேலை செய்ய வைக்க என்னால் முடியாது என்று. என்னாலும் முடியாது, ஜெபா. நான் யாரையும் வேலை செய்ய வைக்கவில்லை. கத்துகிறவருக்கு ஒரு பொறுப்பு, கூச்சப்படுகிறவளுக்கு இரண்டு நிமிஷம், இவ்வளவுதான் நான் கொடுத்தது. அதைச் செய்ய நீ பெரிய பேச்சாளனாக இருக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் உன் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளில் மூலையில் நின்றவனுக்குத்தான் நீ முதல் கேக் துண்டைக் கொண்டுபோய்க் கொடுப்பாய், யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. சென்னையில் உன் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற பயமும் உனக்கு இருக்கிறது, நீ சொல்லவில்லை, எனக்குத் தெரியும். சிரிக்கட்டும். நீயும் சேர்ந்து சிரி. அதற்கப்புறம் அவர்கள் உன்னிடம் பயப்படாமல் பேசுவார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் உனக்கு வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம். அம்மா கோபப்பட மாட்டேன். ஒன்றே ஒன்று, அந்த மெயிலை இந்த வாரம் அனுப்பாதே. வருகிற ஞாயிறு சீக்கிரமே கிளம்பி வா. நஸ்ரீனிடம் சொல்லி உனக்கு ஏழு நிமிஷம் வாங்கி வைத்திருக்கிறேன். தலைப்பு, நான் ஏன் டீம் லீடர் ஆக மாட்டேன். உன் காரணங்கள் எல்லாவற்றையும் அங்கே எழுந்து நின்று சொல். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல், அங்கே எல்லாம் செல்லும். சொல்லி முடித்ததும் அவர்கள் உன்னிடம் ஏதாவது கேட்பார்கள். அதற்கு என்ன பதில் வருகிறதோ, அதை எழுதி மெயில் அனுப்பு.

மத்தியானம் உனக்குப் பிடித்த மட்டன் குழம்பு வைக்கிறேன், அளவாகச் சாப்பிடு. அப்பா உன்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு வந்துவிடுவார். அன்றைக்கு மட்டும் நான் கிளப்புக்கு வரப்போவதில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்தால் நீ என் முகத்தையே பார்த்துப் பேசுவாய், அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துச் சொல்வாய். அங்கே இருக்கிறவர்களைப் பார்த்துப் பேசு. நான் வீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா